தினமும் ஒரு தடவை அலறவிட வேண்டிய கார்

அலறவிடுவது நல்லதா, கெட்டதா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

கோவையிலிருந்து பெருந்துறை போகும் பஸ்ஸில், பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் புதிதாக வாங்கியவர் ஸ்பார்க் பிளக் பொட்டலத்தோடு எனக்கு முன் சீட்டில் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி.

“ஸ்டார்ட்டே ஆகறதில்ல. வித்துப்போடுங்க மாமா.”

“மஞ்சள் காயப்போடோணும்னு எங்கப்பா வாசல்ல நின்ன கார ரெண்டடி நகத்தி, உடனே நிறுத்திப்போட்டாரு மாப்ள. பிஸ்டன் இல்லாத ரோட்டரி இன்ஜினு, சூடேறாம நிறுத்துனா பெட்ரோல்ல பிளக் நனைஞ்சிரும்.”

“ஆயிலும் குடிக்குதுங்களே?”

“ஆயிலயும் சேத்து எரிக்கற இன்ஜினு, குடிக்காட்டித்தான் பயப்படோணும். சூடேறுனதும் தெனமும் ஒருக்கா ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சு அலற உடோணும். இல்லீனா உள்ள கரி புடிச்சுக்கும். நான் விக்க மாட்டேன்.”

“பாவம், எங்கக்கா காது.”

“அலற உடறதே உங்கக்காதான் மாப்ள.”

என் மடியில் கைக்குழந்தை. சிணுங்கும் முன்பே தூக்கிவிடுகிறேன். கொஞ்சம் அழவிடலாமா? பிள்ளை வளர்த்தவர்கள் எழுதுங்கள்.