மூன்று ஆணி, ஒற்றைக்கால் கொக்கு

“சீனி காணுமா?” என்று கேட்டீர்கள். காணும் சேர், போதும். பொலிஸ் ஸ்டேஷன் தேநீர் நன்றாகத்தான் இருக்கிறது. பதினொரு நாளாக நான் ஒரு மணிக்கூட்டைக்கூடத் திருத்தி முடிக்கவில்லை.

நேற்று என் கடைக்கு வந்து மடக்குகிற இரண்டு வில்லுக்கத்திகளை மேசையில் வைத்தீர்கள். ஒன்று, சாணைக்காரன் ஸிராஜைக் குத்திய கத்தி. மற்றது, நீங்கள் பிடித்து வைத்திருக்கும் காரைதீவுப் பொடியனின் அண்ணனுடையது. அண்ணனும் தம்பியும் ஒரே கடையில் ஒரே நாளில் ஆளுக்கொன்று வாங்கினார்களாம். தீட்டக் கொடுத்த தன் கத்தி ஸிராஜின் கடைக் குவியலில் கிடக்கிறது என்று பொடியன் சொல்வதை நீங்கள் நம்பவில்லை.

“நீங்கதானே நிப்றாஸ், பழைய கத்தி சேக்கிற ஆள்? ரெண்டும் ஒரே சாமான் எண்டு ஒரு சைன் வெச்சுத் தாங்க” என்றீர்கள்.

வைத்திருந்தால் என் பயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவை ஒரே சாமான் அல்ல. இரண்டிலும் பிடிக்கு மூன்று ஆணி, தகட்டின் அடியில் கொக்கு முத்திரை, அதுவரை சரி. அந்தக் கம்பெனி முதலில் செய்தவற்றில் இரண்டே ஆணி, கொக்கு ஒற்றைக்காலில் நிற்கும். பிறகு பிடியை மாற்றி மூன்று ஆணி அடித்தார்கள், கொக்கும் இரண்டு காலை ஊன்றியது. அண்ணனின் கத்தி அந்த வகை. எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். ஆனால் புதிய பிடி வந்து, புதிய முத்திரை வராத சில கிழமைகள் இருந்தன. அப்போது செய்ததில் மூன்று ஆணியும் இருக்கும், ஒற்றைக்கால் கொக்கும் இருக்கும். ஸிராஜைக் குத்தியது அப்படி ஒன்று; பதினாறு வருடம் அதைத் தேடினேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைத்தெரு மூடிக்கொண்டிருந்தது. பழைய இரும்போடு வந்ததென்று ஸிராஜ் அதை என்னிடம் காட்டினான். ஆசையைக் காட்டிவிடக் கூடாது என்பது சேர்ப்பவர்களின் பழக்கம்.

“குப்பைடா இது” என்றேன். “சும்மா தா, வீட்டில மாங்காய் வெட்ட உதவும்.”

“குப்பையையா காக்கா உங்களுக்குக் குடுக்கிற? நில்லுங்க, மாப்பிள்ளை மாதிரி மினுக்கித் தாறன்.”

சிரித்துக்கொண்டே சாணையை ஓடவிட்டான். துரு முத்திரைக்கு மேலேதான் இருந்தது; தேய்த்தால் கொக்கும் போய்விடும். நிப்பாட்டச் சொன்னேன். இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. பறித்தேன். நான் விளையாடுவதாக நினைத்து, “தாங்க காக்கா, இன்னும் ஒரு சுத்துத்தான்” என்று கையை நீட்டினான். கத்தி திறந்திருந்தது.

வயிற்றில் ஒரே ஒரு குத்து. ஆஸ்பத்திரி ஐந்து நிமிடத் தூரம். அவன் என் இடுப்புச் சாரனைப் பிடித்தபடி நிலத்தில் கிடந்தான். நான் லென்ஸைக் கண்ணில் வைத்து முத்திரையைப் பார்த்தேன். கொக்கின் கால் தேயவில்லை.

அப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. “ஸிராஜ் காக்கா, என்ட கத்தி தீட்டியாச்சா?”

பாதி இறக்கிய கதவுக்கு வெளியே அந்தப் பொடியனின் செருப்புகள் தெரிந்தன. அப்படி ஒரு பயம் எனக்கு முன்பு வந்ததில்லை. ஸிராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். நான் அவன் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினேன். பொடியன் மூன்று தரம் கூப்பிட்டான். “பள்ளிக்குப் போயிட்டார் போல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அங்கேயே காத்திருந்தான். நானும் காத்திருந்தேன். கையை எடுத்தபோது ஸிராஜிடம் மூச்சும் பயமும் இருக்கவில்லை. என்னிடம்தான் மிச்சம் இருந்தது. அந்தப் பயத்தில், சாணைக்கு அடியில் விழுந்த கத்தியைக்கூட எடுக்காமல் பின்கதவால் போனேன். கறுத்த சாரன் என்பதால் இரத்தக் கறை தெரியவில்லை. பள்ளிவாசலில் கை, முகம் கழுவி வுளூச் செய்து, தொழுகையின் இரண்டாவது ரக்அத்தில் சேர்ந்துகொண்டேன். பிறகுதான் பொடியன் உள்ளே வந்து அவனைத் தூக்கியிருக்கிறான். பொடியனின் சட்டையில் இரத்தம் வந்தது அப்படி.

அடக்கத்தன்று ஜனாஸா வீட்டில் ஸிராஜின் மனைவி பஸ்னா திரைக்கு அப்பாலிருந்து கேட்டாள்: “காக்கா, அவர் பயந்திருப்பாரா?”

“ஒரு நிமிசமும் இல்ல தங்கச்சி” என்றேன். அதன் பிறகு வாசலில் எந்த மோட்டார் சைக்கிள் நின்றாலும் என் கை தானாக என் வாயைப் பொத்துகிறது.

இன்று நானாக வந்ததற்குக் காரணம் மனச்சாட்சி. ஒரு அப்பாவி என் பாவத்தைச் சுமக்கக் கூடாது. அவனுடைய பெயர் என்ன, பவிதரனா? நீங்களே சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே வாங்குப் பலகையில் அவனுடைய தாய் இருக்கிறா என்று கான்ஸ்டபிள் சொன்னார். நான் கவனிக்கவில்லை.

நேற்று கத்தியைப் போட்டிருந்த பொலித்தீன் பையில் ‘சாதாரண வில்லுக்கத்தி, ஒன்று’ என்று எழுதியிருந்தீர்கள். அதைத் திருத்த வேண்டும்.

இன்னும் ஒன்று, சேர். பொலித்தீன் உள்ளே வேர்த்திருந்தது. கொக்கின் காலுக்குக் கீழே சிவப்பாக ஒரு புள்ளி. இரத்தம் அல்ல, துரு. இந்தக் கடல் காற்றில் இரண்டு கிழமை போதும், கால் இருந்த இடமே தெரியாது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட வேண்டும். தேய்க்கக் கூடாது, துணியால் ஒற்ற வேண்டும். என் சட்டைப் பையில் ஒரு சின்னப் போத்தல் கொண்டுவந்திருக்கிறேன். அந்தப் பையை இப்போது ஒரு தரம் திறக்கச் சொல்வீர்களா?