மாப்பிள்ளை வேனுக்குப் பேதி

"எஞ்சினச் சாகடிச்சது நீங்கதான், பாஸ்!"

கராஜ் மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தியவன் சாரதி. கல்முனைக்குடியில் நான் பஸ்ஸுக்கு நின்ற இடத்துக்கு எதிரே, கராஜ் வாசலில் அவனுடைய பழைய வேன் செத்துக் கிடந்தது. உள்ளே தலைப்பாகையோடு மாப்பிள்ளை வியர்த்துக்கொண்டிருந்தார். பிழை செய்தவன்தான் பெரிதாகக் கத்தினான்.

"கசடக் கழுவச் சொன்னது நீங்கதானே?"

"ஓம். எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற சம்பைக் கழத்திக் கழுவச் சொன்னன். நீ என்ன செஞ்சாய்?"

"ஒயிலுக்குள்ள மண்ணெண்ணெய் ஊத்தினன்."

"ஊத்தி?"

"ஓட்டினன். ஓடஓடக் கழுவுப்படும் எண்டுதான்."

"கழண்ட கசடெல்லாம் ஒயில் வடிகட்டியப் போய் அடைச்சிட்டு. ஒயில் ஏறாம எஞ்சின் இறுகிட்டு. பேதி குடிச்சிட்டு ஆரும் கலியாண ஊர்வலம் போவாங்களாடா?"

மாப்பிள்ளை யன்னலால் தலையை நீட்டினார்.

"ரெண்டு பேரும் என்னோட சேந்து பஸ்ஸில ஏறுங்க. பாலமுனையில பொண்ணுட வாப்பாக்கும் சபைக்கும் முன்னால, பிந்தினதுக்கு ஆர் பதில் சொல்லுற? இப்பவே சொல்லுங்க!"