தலைமேல் வைத்த ஆணை

— என் ஆணையைப் பெட்டிக்குள்ள போட்டுட்டியா? திங்கக்கிழமை பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு நாப்பது ஆம்பளைங்களை அனுப்புன்னு எழுதியிருந்தேனே, மெல்ச்சோரா! ஊர்த்தலைவி ஆயிட்டா தலையில கொம்பு முளைச்சிருமா?

— கோவிச்சுக்காதீங்க கவர்னர் துரை. மரியாதைக் குறைவா ஒண்ணும் செய்யலே. தொப்பியைக் கழட்டினேன். காகிதத்துக்கு முத்தம் கொடுத்தேன். தலைமேல வச்சேன். "பணியிறேன், ஆனா நிறைவேத்த மாட்டேன்"னு ஊர் கேக்கச் சொன்னேன். அப்புறம்தான் பெட்டியில போட்டேன்.

— யாருகிட்ட கத்துக்கிட்டே இந்தக் கூத்தை?

— உங்ககிட்டதான். ஈஸ்டருக்கு மறுநாள், கோயில் சதுக்கத்துல. இனிமே எங்காளுங்க யாரையும் சுரங்கத்துக்குக் கட்டாயமா இழுக்கக் கூடாதுன்னு ஸ்பெயின்ல இருந்து ராஜா பேரால சாசனம் வந்துச்சில்ல? அதை நீங்க தலைமேல வச்ச அழகை நான் முன்வரிசையில நின்னு பாத்தேனே!

— அது வேற! எங்க அதிகாரிங்களுக்கு முன்னூறு வருஷமா உள்ள முறை அது. ராஜா கடலுக்கு அந்தப்பக்கம் இருக்காரு. இங்கத்த நெலவரம் அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாம ஒரு ஆணை போட்டா, வணங்கிட்டு ஓரமா வைக்கிறோம்.

— அதேதான் துரை. எங்க ஊரு உங்க மாளிகையில இருந்து ரெண்டு நாள் மலையேத்தம். ஒரு தடவைகூட நீங்க வந்ததில்லே. எங்க நெலவரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— கேப்டன் உர்கிதி! கேட்டியா இவ பேச்சை?

— கேட்டேன் துரை. தெளிவாவே கேட்டுச்சு.

— சிரிக்கிறியா?

— இருமல் துரை. மலைக்காத்து ஒத்துக்கலே.

— இந்தா பாரு மெல்ச்சோரா. வெள்ளி போகலேன்னா ஸ்பெயினுக்குப் படை இல்லே. படை இல்லேன்னா இந்த ராஜ்யமே இல்லே. ராஜாவைப் பிரெஞ்சுக்காரன் பிடிச்சு வச்சிருக்கான், அவர் பேரால ஒரு சபைதான் ஆணை போடுது. தெக்க புவனோஸ் ஐரிஸ்காரன் தனியாப் பிரிஞ்சுட்டான். இந்த நேரத்துல நீயுமா?

— என் புருஷன் அந்த வெள்ளிக்கு அடியிலதான் கெடக்கான். பொணத்தைக்கூட எடுத்துத் தரலே. வருஷா வருஷம் மேளம் கொட்டி, சோளக்கள்ளு ஊத்திக் கொடுத்து, உசுரோட இருக்கறவங்களுக்கு ஒப்பாரி வச்சு அனுப்புறோம். எனக்கு அழுது அழுது அலுத்துப் போச்சு துரை. இந்தத் தடவை பட்டியல்ல என் மூத்தவன் பேரு இருக்கு. அனுப்ப மாட்டேன். அவனையும் மாட்டேன், மத்த முப்பத்தொம்பது பேரையும் மாட்டேன்.

— நீ அனுப்ப வேணாம்டி! குதிரைப்படையை விட்டு, நாப்பது பேரையும் கயித்துல கட்டி இழுத்துட்டு வர்றேன்!

— அந்தச் சிரமம் எதுக்கு? கையோட கூட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன். ஜன்னலைத் தெறந்து பாருங்க.

— இது... இது நாப்பது பேரா? சதுக்கத்துல தரையே தெரியலையே!

— பதினாறு ஊரு துரை. எல்லா ஊருக்கும்தானே எழுதுனீங்க? ராஜா சாசனத்தை நிறைவேத்துறேன்னு நீங்க கையெழுத்துப் போடுற வரைக்கும் ஒருத்தரும் நகர மாட்டாங்க. நானும்தான்.

— கேப்டன்! என்னய்யா மரம் மாதிரி நிக்கிறே? இவளை வெளிய தள்ளிட்டுக் கதவைச் சாத்து!

— சாத்துறேன் துரை. சாவியைக் கொடுங்க. நானும் இவங்களோட வெளிய போய், அந்தப் பக்கமா பூட்டிடுறேன்.