பின்கதவுப் பாட்டு

அத எடுக்காத தம்பி. மத்ததெல்லாம் மாத்திக்கோ, புதுசா எது வேணா மாட்டு, அந்த பி ஏழாம் நம்பர் ரெக்கார்ட மட்டும் பாட்டுப் பெட்டிலயே விட்டுடு. தேஞ்சா என்ன? எங்க, காட்டு... அட, ஆமா, வெளுத்துத்தான் போயிருக்கு. யாரு இவ்ளோ தடவ போடறாங்கன்னா? பருத்தி எடுக்கற பசங்கதான். என் கடைக்கு மீனு திங்க நாலு பேரு வந்தா நாலு பேரும் காசப் போட்டு அதத்தான் அமுக்கறானுங்க.

சரி சரி, அப்படிப் பாக்காத. இந்த மழையில ஒரு வாரமா எந்தப் பய வந்தான்னு நீ கேப்ப. உக்காரு. சோள ரொட்டி சூடா இருக்கு, தின்னுக்கிட்டே கேளு.

அதுல பாடற ஐஸோலா என் தங்கச்சிப்பா. தெரியாதா! இந்த கிரீன்வுட் ஊர்ல தெரியாத ஒரே ஆளு நீதான் போ. ஊரு ஊரா அவ ரெக்கார்ட மாட்டிக்கிட்டுத் திரியற, அவ யாரு எவருன்னு கேக்க மாட்டியா?

மொத ரெக்கார்டு ஞாபகம் இருக்கா? பத்தொம்போது வயசு அப்ப. மெம்ஃபிஸ்ல போய்ப் பாடினா. பாட்டா அது? ரேடியோல கேட்டவளுங்க மாதிரியெல்லாம் கத்தி வச்சிருந்தா. அடுத்தவ செருப்பப் போட்டுக்கிட்டு நடந்த மாதிரி இருக்குடின்னு நான் சிரிச்சேன். மூணு நாளு எங்கூட பேசல. ஆனா அதுல ஒண்ணு கவனிச்சேன் தம்பி, அதுக்கப்புறம் அவ கத்தறத விட்டுட்டா. துணி தொவைக்கும்போது கூட ஒரே வரிய மெதுவா, இன்னும் மெதுவான்னு பாடிப் பாத்துக்கிட்டே இருப்பா.

ரெண்டாவது... அதத்தான் எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. நடுவுல ஒரு எடத்துல கொரலு ஒடையும் பாரு, அதுக்கே வித்துச்சு. அது என்னைக்குப் பாடினான்னு தெரியுமா? எங்க அம்மாவப் பொதைச்ச அன்னைக்கு. தந்தி குடுத்தேன், வரல. ஸ்டுடியோவுல நாளு குடுத்துட்டாங்க, விட்டா இனிமே கூப்பிட மாட்டாங்கன்னு சொல்லி அனுப்பினா. ரெண்டு வருஷமா அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளினவ நானு. பொட்டிய மண்ணுல எறக்கறப்ப நான் ஒண்டியா நிக்கறேன், இவ அங்க மைக்கு முன்னால நின்னு அழறா. எனக்கு வயிறு எரிஞ்சுது தம்பி. இந்தக் கடைல அத ஒரு தடவ கூடப் போட விடல. உன்னக் கூடத் திட்டினேனே, ஞாபகம் இல்ல?

இந்த பி ஏழுதான் மூணாவது. ஊதறவன் இல்ல, மோளம் இல்ல, அவளும் ஒரு கித்தாரும்தான். கத்தலே இல்ல, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி. ஆரம்பத்துல கித்தார் கட்டைய மூணு தட்டு தட்டுவா. ரெண்டு வேகமா, ஒண்ணு நிதானமா. அப்புறம் பாடுவா... வெளக்கு எரியுது, மீனு வறுக்கற வாசம் வருது, கதவு மட்டும் தெறக்கல. காதலன் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு எவளாவது மீன் வாசத்தப் பாடுவாளான்னு நீயே கிண்டல் பண்ணினியே. நானும் உங்கூட சேந்து சிரிச்சேன்.

இல்ல, கண்ணுல ஒண்ணுமில்ல. எண்ணப் பொக.

வேற ரெக்கார்டு கொண்டாந்து தர்றேன்னு சொல்லாத. கம்பெனில இனிமே போட மாட்டாங்க, எனக்குத் தெரியும். பாடினவளே பிப்ரவரில போயிட்டா. நெஞ்சுச் சளி. இருவத்திமூணு வயசு.

சின்னதுல, அம்மாவுக்குத் தெரியாம ஊரு சுத்திட்டு வந்தான்னா பின்கதவத் தட்டுவா. ரெண்டு வேகமா, ஒண்ணு நிதானமா. நான்தான் போய்த் தெறந்து விடணும்.

போன வருஷம் ஒரு நாளு, இதே மாதிரி மழ. பொழுது சாயற நேரம். அதே மாதிரி தட்டுச்சு. நான் மீனு வறுத்துக்கிட்டு இருந்தேன். இருமற சத்தம் கூடக் கேட்டுச்சு. கையிலதான கரண்டி இருந்துச்சு, கால்ல வெலங்கா இருந்துச்சு? மீனு கருகிடும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு அடுப்புகிட்டயே நின்னேன். மறுபடி தட்டல. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டா. அடுத்த மாசமே இத நீதான் கொண்டாந்து மாட்டின.

பருத்திப் பசங்க இல்ல தம்பி. நான்தான் போடறேன். அந்தத் தட்டற சத்தம் வந்ததும் போய்ப் பின்கதவத் தெறந்துடுவேன். பாட்டு முடியற வரைக்கும் தெறந்துதான் கெடக்கும்.

மறுபடி மாட்டிட்டியா? நல்லாருப்ப. இரு, பட்டன அமுக்காத. மொதல்ல அடுப்ப அணைச்சிடறேன். நான் கதவுகிட்ட போனப்புறம் அமுக்கு.