லிஃப்டுக்குள் ஒரு கைதட்டல்

அவையை அழகு செய்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, அனுபவத்தால் நரைத்த ஆன்றோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையரே, காற்றாடிக்குக் கீழே இடம்பிடித்த கெட்டிக்காரர்களே, வணக்கம்!

மன உறுதியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். லிஃப்ட் கம்பெனியில் அவசரத் தொலைபேசி எடுப்பவள் நான். மாட்டிக்கொண்டவர்களோடு பேசுவதே என் பிழைப்பு! ஸ்டோயிக் என்றொரு ஞானியர் கூட்டம் அந்தக் காலத்தில் இருந்தது. அவர்கள் சொன்னது என்ன? நடப்பது நம் வசமில்லை. நடந்துகொள்வது நம் வசம்!

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்தவனே முதலில் ஏறிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஒரு மாலை மகளின் பள்ளி நாடகத்துக்குப் புதுச் சட்டை போட்டுக் கிளம்பியவன், பையையும் கைபேசியையும் வெளியே வைத்துவிட்டு, சரிசெய்த லிஃப்டில் ஏறினான். நின்றது லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே! அடித்தது மணி என் மேசையில்!

கதவை உடைத்துவிடுவேன் என்று குதித்தான். "கதவைத் தள்ளாதீங்க, உட்காருங்க, ஆள் வருது" என்று அவன் ஊருக்கெல்லாம் சொல்வதை அவனுக்கே திருப்பிச் சொன்னேன். சிரிக்கிறீர்களா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

அந்த நேரம் பார்த்து என் கைபேசி ஒலித்தது. மேடைக்குப் பின்னாலிருந்து தம்பி மகள். அரசி வேடம், அழுகைக் குரல். அப்பாவின் நாற்காலி காலியாம்; அப்பா வராமல் மேடை ஏற மாட்டாளாம். திரை விலகப் போகிறது! என்ன செய்தேன் நான்? இந்தப் போனின் வாயை அந்தப் போனின் காதோடு ஒட்டிப் பிடித்தேன்!

தம்பி குதிப்பதை நிறுத்தினான். பிறகு, "கண்ணு, அப்பா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். அங்க வர்றது இப்ப என் கையில இல்ல. பேசறது உன் கையில இருக்கு. போனை அணைக்காம ஓரமா வச்சுட்டுப் போ, நான் கேக்கறேன்" என்றான்.

"சத்தமாப் பேசணுமாப்பா?"

"ஆமா. நான் ரொம்பப் பின்னாடி உட்கார்ந்திருக்கேன்."

ஏறினாள்! முழங்கினாள்! இடையில் ஒரு வரி மறந்தாள், நின்றாள், தொடர்ந்தாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

என்ன ஐயா, லிஃப்ட் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஆள் வந்தார், கதவைத் திறந்தார். வியர்வையில் நனைந்த புதுச் சட்டையோடு தரையில் சம்மணமிட்டிருந்த தம்பி என்ன சொன்னான் தெரியுமா? "இருப்பா, வசனம் முடியல." கதவைப் பிடித்தபடி அவர் நிற்க, முடியும்வரை கேட்டு, தனியாளாகக் கைதட்டிவிட்டுத்தான் எழுந்தான்!

பெருமக்களே, உடைக்கத் துடித்தவனும் அவனே. திறந்தும் எழாதவனும் அவனே! மாறியது லிஃப்டா? மனமா? பேருந்து போகட்டும், மழை கொட்டட்டும், மேலதிகாரி முறைக்கட்டும். நம் மனம் நம்மிடம்தான் இருக்கிறது!

அதோ மூன்றாம் வரிசையில் நெளிகிறானே, அவன்தான். இந்த அரங்கின் லிஃப்டைச் சரிசெய்தவனும் அவனே. நான் படியேறித்தான் வந்தேன்!

கதவு திறந்தே இருந்தும் எழுந்து போகாமல் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்!