கழன்ற கண்

— யானையோட கண்ண ஏன்டி இந்தப் புடுங்கு புடுங்குற, ஜாஸு? பாரீஸ்லேருந்து மடியில வச்சு எடுத்தாந்தது.

— இருண்ணா. இனியா கையில குடுக்குறதுக்கு முன்னாடி இழுத்துப் பாத்துடறேன்.

— தாய்மாமன் மொதப் பொறந்தநாளுக்குக் குடுக்குறத கோழி உரிக்கிற மாரி உரிக்கிற. வெளிய கேக் வெட்ட எல்லாரும் காத்துட்டிருக்காங்க.

— காத்துட்டிருக்கட்டும். உன் மருமவ எதக் கண்டாலும் வாயில வக்கிறா. நேத்து அப்பாவோட செருப்பு.

— வொலா, அதுக்குத்தான் ஃபிரான்ஸ் பொம்மையா பாத்து வாங்கினேன். ரோட்டோரம் குவிச்சு விக்கிற சரக்குன்னு நெனச்சியா? கடைக்காரிகிட்ட, இத தச்சவங்களுக்கு ஒழுங்கா கூலி குடுத்தீங்களா, சின்னப் புள்ளைங்கள வச்சு வேலை வாங்கலியேன்னெல்லாம் கேட்டேன். உங்க அண்ணி கேக்கச் சொன்னா.

— அவ என்ன சொன்னா?

— எல்லாத்துக்கும் "வுய் மெஸ்யே", ஆமாங்க ஐயான்னா.

— இந்தா, வந்துடுச்சு.

— மொந்தியே, கடவுளே! கண்ணா வந்துடுச்சு?

— நூலோட. இனியா தொண்டைக்கு அளவெடுத்து செஞ்ச மாரி இருக்கு பாரு.

— மாதாவே... நல்லவேளடி. சைனா சரக்குக்கு ஃபிரான்ஸ் சட்டைய மாட்டி வித்துட்டா அந்தப் பொம்பள.

— வாலுக்கு உள்பக்கம் ஒரு லேபிள் இருக்கும். படி. பிரெஞ்சு உனக்குத்தான வரும்.

— எழுத்தா இது, எறும்பு ஊருது. இரு... இந்தியாவுல செஞ்சதாம்டி.

— ம்.

— இங்கேருந்து போன யானைய காசு குடுத்து வாங்கி, இங்கயே தூக்கிட்டு வந்திருக்கேன். சிரிக்காதடி.

— சிரிக்கல. அதுக்குக் கீழ?

— செக் பண்ண ஆளு நம்பர் பதினாலு. யாருடி இந்தப் பதினாலு, கண்ணத் தொறந்துட்டே தூங்குற ஆளா? படம் புடிச்சு அந்தக் கம்பெனிக்கே மெயில் போடுறேன். ஃபிரான்ஸ்லேருந்து புகார் வந்தா பதினாலு நாளைக்கே வீட்டுக்குப் போவ வேண்டியதுதான்.

— வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களா?

— பின்ன? நீயும்தான் மேட்டுப்பாளையத்துல ஏதோ கம்பெனிக்குப் போற. இப்படி ஏனோதானோன்னா செய்யுற?

— சரி, டைப் பண்ணு. நான் சொல்றேன். ஒரு நாளைக்கு எரநூறு பொம்ம பாத்தவங்கள ஏப்ரல்ல அறுநூறு பாக்கச் சொன்னாங்க. கண்ண இழுத்துப் பாக்க நேரமில்ல, சீல் மட்டும் குத்தி அனுப்பினாங்க. அந்த மாசம் போன யானை அத்தனையும் திருப்பி வாங்கணும்.

— நம்ம கையில இருக்குறது ஒண்ணுதான, அத்தனையும் எதுக்கு?

— மத்த யானையெல்லாம் யாரு வாயில இருக்கோ.

— அது சரி. ஆனா ஏப்ரல், அறுநூறுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— கேக் க்ரீம் உருகுதுண்ணா, சீக்கிரம் அனுப்பு. கீழ பேரு போடணும்ல? ஜாஸ்லின், நம்பர் பதினாலு.