பிரித்துப் பாராமல் பேனாவைத் தொடாத பெருமாட்டிக்கு

வில்யேத்தா ஆற்றுத்துறைக் கிடங்கின் சரக்கேற்பு அலுவலர், மாண்புமிகு தோன்யா நிமியா ஒவேலார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளன்போடு படைக்கும் பணிநிறைவு வாழ்த்து மடல்

பெட்டியின் பளபளப்பில் மயங்காத பெருமாட்டியே! அட்டை நனைந்தாலும் ஆணி அசைந்தாலும் அரை நொடியில் அறியும் அம்மையே! வணக்கம்.

இருபத்தொன்பது ஆண்டுகளாக, லாரிக்காரர்கள் பல்லெல்லாம் தெரிய நீட்டிய குளிர்ந்த தெரெரே மூலிகைச் சாற்றுக் கோப்பையை, "முதல்ல சரக்கு, அப்புறம்தான் சாறு" என்று மறுத்தீர்கள். நீட்டிய தெரெரேயை மறுப்பது நம் ஊரில் மரியாதைக் குறைவு. ஆயினும் தங்கள்மீது எவரும் முகம் சுளித்ததில்லை. வேலை முடிந்ததும் அதே கோப்பையைக் கேட்டு வாங்கி நான்கு முறை பருகுவீர்களே! தங்கள் பிறந்தநாள் கேக்கையும் நான்கு புறமும் சுற்றிப் பார்த்துத்தான் ஏற்றீர்கள். அந்த மனத்தாங்கல் எங்களுக்கு இன்னும் உண்டு.

சென்ற ஜனவரிக் கோடையில், மாவட்ட மருத்துவமனைக்கான ஜெனரேட்டர் வந்த நாளை எப்படி மறப்போம்! தாங்கள் பல் பிடுங்கப் போயிருந்தீர்கள். பளுதூக்கி ஓட்டும் நம் செல்சோ, லாரிக்காரர் நீட்டிய கோப்பையை வாங்கிக் குடித்தார். குடித்த தாட்சண்யத்தில், "பின்னர் சோதிக்கப்படும்" என்று சரக்கேற்புச் சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அந்த ஒரு வரி தம்மைக் காக்கும் என்று நம்பினார், பாவம்.

வீங்கிய கன்னத்தோடு திரும்பிய தாங்கள் சீட்டைப் பார்த்துப் பதறினீர்கள். "அட மடையா! இந்த வரி எங்கயும் செல்லாதுடா. லாரி வாசலத் தாண்டிட்டா, உள்ள உடைஞ்சதெல்லாம் நம்ம தலையில. உன் வேலையும் போச்சு!" என்று சொல்லிக்கொண்டே ஓடி, கிளம்பிய லாரியின் முன்னால் நின்றீர்கள்.

"தோன்யா, பெட்டியில ஒரு கீறல்கூட இல்ல. ஏன் இந்த வெயில்ல என்னப் போட்டு வாட்டுறீங்க?" என்று அலுத்துக்கொண்டார் லாரிக்காரர்.

"ஆஸ்பத்திரிக்காரங்க பெட்டியவா கேட்டாங்க? இறங்குங்க, பலகையக் கழட்டுவோம்."

கழற்றினால், அடித்தளத் திருகாணி இரண்டு முறிந்து, எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது! ஒவ்வொன்றையும் அளந்து, படமெடுத்து, சீட்டில் எழுதி, லாரிக்காரரிடம் கையெழுத்து வாங்கினீர்கள். அதனால்தான் மூன்றே வாரத்தில் மாற்று ஜெனரேட்டர் வந்தது; செல்சோவின் வேலையும் நிலைத்தது. முகம் தொங்கிப்போன லாரிக்காரருக்கு அன்று தெரெரே ஊற்றிக் கொடுத்ததும் தாங்களே. அந்தக் கண்டிப்பையும் அந்தக் கனிவையும் ஒருங்கே பெற நாங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

முழங்கால் வலி தணிந்து, தங்கை வீட்டு மாமரத்து நிழலில், எதையும் சோதிக்காமல் நீடு வாழ்க!

இம்மடலைச் சட்டமிட்டுப் பதித்த கண்ணாடியின் இடது கீழ்மூலையில் இரண்டு சென்டிமீட்டர் விரிசல் உள்ளது. தாங்கள் பழக்கியபடியே, மறைக்காமல் பதிந்து ஒப்பமும் பெற்றுள்ளோம்.

இங்ஙனம்,
இறக்குமேடைத் தோழர்கள்

சேதத்துக்குப் பொறுப்பானவர் ஒப்பம்:
"கீழ போட்டது நான்தான் தோன்யா. இன்னைக்கும் இந்த மேடையில நின்னு எதையாவது கீழ போட முடியுதுன்னா, அது உங்களாலதான். — செல்சோ"